பாதிக்குப் பாதி கலந்தால் பாதிக் கெட்டியா?



இந்த மாதம் ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். நல்ல கெட்டியான திரவம் ஒரு டம்ளர் இருக்கிறது. அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோம். கெட்டித்தன்மை எவ்வளவு குறையும்? சில குழுக் கூட்டங்களில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "பாதி தண்ணி ஊத்துனா பாதிக் கெட்டி, இதுல என்ன மேடம் கணக்கு?" என்றுதான் பலரும் சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும், "கூழுல ஒரு சொம்பு தண்ணி கூடுதலா விழுந்தா கூழே போச்சு. இதுல பாதி என்ன, முக்கால் என்ன" என்றார். பாட்டி சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதை அளந்து பார்க்கிற சோதனையைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பிள்ளைகள் செய்கிறார்கள். நம்ம பிள்ளை வீட்டுக்கு வந்து "பாகுநிலை சோதனை" என்று சொன்னால் நமக்குப் புரியாத விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சோப்பு ஆயில் தயாரித்து விற்கிற குழுக்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் சோதனையைப் பார்ப்போம்.

பாகுநிலை என்ற வார்த்தையே நம்ம அடுப்படியிலிருந்து போனதுதான். வெல்லப்பாகு காய்ச்சும்போது இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டு இழுத்துப் பார்த்து, ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம் என்கிறோம். இட்லி மாவுப் பதம் வேறு, தோசை மாவுப் பதம் வேறு. ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு அடம்பிடிக்கிறதோ அதுதான் அதன் பாகுநிலை. திரவம் ஓடும்போது உள்ளே ஒரு அடுக்கு மேல் இன்னொரு அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த அடுக்குகளுக்கு இடையில் உரசல் அதிகம் இருந்தால் மெதுவாக ஓடும், குறைவாக இருந்தால் சலசலவென்று ஓடிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கெட்டி வேறு, கனம் வேறு. எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கிறது இல்லையா? அப்படியானால் எண்ணெய் தண்ணீரை விட இலேசானது. ஆனாலும் தண்ணீரை விட மெதுவாகத்தான் ஓடுகிறது. பால் சொசைட்டியில் போடுகிற லாக்டோமீட்டர் கனத்தைத்தான் அளக்கிறது, கெட்டியை அல்ல. இரண்டையும் ஒன்று என்று நினைத்தால் சோதனை முழுக்கக் கோணலாகிவிடும்.

பிளஸ் ஒன் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் செய்முறை வகுப்பில் செய்வது ஸ்டோக்ஸ் முறை. ஸ்டோக்ஸ் என்பவர் அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி. 1851-ல் இந்தக் கணக்கை வெளியிட்டார். உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெயோ கிளிசரினோ ஊற்றுவார்கள். சைக்கிள் பேரிங் குண்டு போல ஒரு சின்ன இரும்புக் குண்டை மெதுவாக உள்ளே விடுவார்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. குண்டு இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். கெட்டி அதிகம் என்றால் விநாடியும் அதிகம். அவ்வளவுதான் சங்கதி.

மேல் கோடு திரவத்தின் விளிம்பிலேயே இருக்கக் கூடாது, கொஞ்சம் கீழே இறங்கி இருக்க வேண்டும். குண்டு விழுந்தவுடன் முதலில் வேகம் பிடிக்கும், பிறகுதான் ஒரே சீராகப் போகும். அந்தச் சீரான வேகம்தான் கணக்குக்கு வேண்டும். இன்னொன்று, குண்டை மாற்றக் கூடாது. இரண்டு மடங்கு பருமனான குண்டைப் போட்டால் நான்கு மடங்கு வேகமாக விழும் என்பது ஸ்டோக்ஸ் கணக்கு. பாதிச் சோதனையில் குண்டு தொலைந்து வேறு குண்டு போட்ட பிள்ளைகளின் நோட்டில் விடை தாறுமாறாக வருவது இதனால்தான்.

இனி கலப்படச் சோதனைக்கு வருவோம். நல்ல கலப்படம்தான், பயப்பட வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கிற கிளிசரினை எடுத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலையை 1 என்று வைத்துக்கொண்டால், சுத்தமான கிளிசரின் ஏறக்குறைய 1,400. அதாவது தண்ணீரை விட ஆயிரத்து நானூறு மடங்கு அடம்.

90 கிராம் கிளிசரினில் 10 கிராம் தண்ணீர் கலந்தால் என்ன வரும்? பத்தில் ஒரு பங்குதானே தண்ணீர், 1,260 வரும் என்று நினைப்போம். வருவது ஏறக்குறைய 220. ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. 80-க்கு 20 கலந்தால் 60. பாதிக்குப் பாதி கலந்தால்? 700 அல்ல, 100 கூட அல்ல. வெறும் 6.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். முதலில் ஊற்றிய 10 கிராம் தண்ணீர் 1,400-லிருந்து 220-க்கு இறக்கியது. அதாவது 1,180 போய்விட்டது. அடுத்த 10 கிராம் 160-ஐத்தான் இறக்கியது. முதல் கரண்டி தண்ணீர் செய்கிற சேதம்தான் பெரிய சேதம். நீர்த்துப்போனதற்குப் பிறகு மேலும் ஊற்றினால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. கூழில் விழுந்த ஒரு சொம்புக்கும் இதே கதைதான்.

ஏன் இப்படி? கும்மி அடிக்கும்போது எல்லோரும் இறுக்கமாகக் கை கோத்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். நடுவில் யாரும் நகர முடியாது. கிளிசரினின் ஒவ்வொரு துகளுக்கும் பக்கத்துத் துகளைப் பிடித்துக்கொள்ள மூன்று கை உண்டு. அதனால்தான் அது அப்படி நகர மறுக்கிறது. தண்ணீர்த் துகள் சின்னது. இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். அங்கங்கே நாலு பிடி விட்டுப்போனாலே மொத்த வட்டமும் ஆட ஆரம்பித்துவிடும் அல்லவா?

கலவை நீர்க்க நீர்க்க இரும்புக் குண்டு தடாலென்று அடியில் போய் உட்கார்ந்துவிடும். விநாடி எண்ண முடியாது, கணக்கும் பொருந்தாது. அந்த நேரத்தில் ஓட்ட முறைக்கு மாற வேண்டும். கல்லூரி வேதியியல் மாணவர்கள் ஆஸ்வால்டு குழாய் என்று ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்திருப்பார்கள். அதில் முடி போல மெல்லிய பாதை வழியாகத் திரவம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, தண்ணீருக்கு ஆன நேரத்தோடு ஒப்பிடுவார்கள். அங்கே கனத்தையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். கனமான திரவம் தன் பாரத்தாலேயே கொஞ்சம் வேகமாக இறங்கும்.

சோதனையைக் கெடுக்கிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று வெயில். 20 டிகிரியில் 1,400 இருந்த கிளிசரின் 30 டிகிரியில் 600 சொச்சம்தான். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடச் சேர்க்கவில்லை, வெறும் 10 டிகிரிதான் கூடியது. பாதிக்கும் கீழே போய்விட்டது. மார்கழிக் காலையில் விளக்கெண்ணெய் புட்டியைக் கவிழ்த்தால் இறங்கவே இறங்காது, மத்தியானம் தானாக ஓடும், பார்த்திருப்பீர்கள். ஆகவே காலையில் பாதி, மாலையில் பாதி என்று அளந்தால் கலவையினால் வந்த மாற்றம் எது, வெயிலினால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. எல்லாக் கலவைகளையும் ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, அப்புறம் அளப்பது நல்லது. இரண்டாவது, மூடி. கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாலு நாள் கழித்து வந்தால், நாம் ஊற்றாத தண்ணீர் அதில் சேர்ந்திருக்கும். அந்த முதல் சொட்டு எவ்வளவு இறக்கும் என்று இப்போதுதானே பார்த்தோம்.

இதையெல்லாம் வீட்டிலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. பெயிண்ட் தொழிலில் அடியில் ஓட்டை உள்ள கிண்ணத்தை வைத்து இப்படித்தான் பார்க்கிறார்கள். காலியான 1 லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிடுங்கள். மூடியின் நடுவில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு, காய்ச்சிய ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள். பாட்டிலைத் தலைகீழாக ஆடாமல் நிறுத்தி, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு மார்க்கர் பேனாவால் போடுங்கள். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு மேல் கோட்டுக்கு மேலே வரை ஊற்றி, விரலை எடுங்கள். மட்டம் மேல் கோட்டைத் தொட்டதும் செல்போனில் நேரம் ஓடட்டும். கீழ்க் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஒன்றுக்கு மூன்று தடவை செய்யுங்கள். 41, 43, 42 என்று வந்தால் 42 என்று எழுதலாம். 41, 60, 35 என்று வந்தால் எங்கோ கோளாறு. நுரை இருக்கும், கட்டி அடைத்திருக்கும், அல்லது சரியாகக் கலந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்கு 10 விநாடி, சோப்பு ஆயிலுக்கு 40 விநாடி என்றால் "நாலு மடங்கு கெட்டி" என்று எழுதிவிடக் கூடாது. இந்த மாதிரிக் குட்டை ஓட்டையில் நீர்த்த திரவங்களுக்கு விநாடிக் கணக்கும் பாகுநிலையும் ஒரே அளவில் ஏறி இறங்காது. எது கெட்டி, எது நீர்த்தது, போன வாரத்துச் சரக்கும் இந்த வாரத்துச் சரக்கும் ஒன்றா என்று சொல்லலாம். நமக்கு வேண்டியதும் அதுதானே.

சரி, சோப்பு ஆயிலுக்கு வருகிறேன். பாத்திரம் கழுவ சோப்பு ஆயில் தயாரிக்கிற ஒரு குழு. பெயர் வேண்டாம். ஒரு ஓட்டலுக்கு 20 லிட்டர் கேன் கொடுத்துவந்தார்கள். ஒரு தடவை "தண்ணியா இருக்கு" என்று கேன் திரும்பி வந்தது. வாங்குகிறவர்கள் கேனைச் சாய்த்துப் பார்த்துத்தானே முடிவு பண்ணுகிறார்கள்! உப்புப் போட்டால் கெட்டியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டார்கள். இன்னும் நீர்த்தது. இன்னொரு கை போட்டார்கள். சுத்தமாகத் தண்ணியாகி, கலங்கலும் ஆகிவிட்டது. அந்த மாதக் கடன் தவணை இந்தக் கேனை நம்பித்தான் இருந்தது.

நடந்தது என்ன? எஸ்.எல்.இ.எஸ். என்று வெள்ளைக் கூழ் மாதிரி விற்கிறார்களே, அதை வைத்துச் செய்கிற சோப்பு ஆயிலில் சோப்புத் துகள்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நிற்கும். கொஞ்சம் உப்புப் போட்டால் அந்தக் கூட்டங்கள் நீளமாக வளர்ந்து, நூல் சிக்கிக்கொண்ட மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் கெட்டியாகிறது. ஒரு அளவு வரை இது ஏறும். அதற்கு மேல் உப்புப் போனால் அந்தச் சிக்கல் நழுவ ஆரம்பித்துவிடும், கெட்டி இறங்கும். மலை ஏறி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்குவது போல. அந்தக் குழுவின் கேன் ஏற்கெனவே உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றிருந்தது. அங்கே நின்றுகொண்டு மேலும் உப்புப் போட்டால் இன்னும் கீழேதானே போகும்?

அப்படியானால் வழி? உப்புப் போடாத, நீர்த்த, புதுச் சரக்கைக் கொஞ்சம் அதோடு கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் முதலில் செய்து பார்த்தார்கள். அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. இரண்டும் கலந்ததும் கெட்டியாகிவிட்டது. "என்னம்மா இது, மந்திரம் மாதிரி இருக்கு" என்று அந்தக் குழுத் தலைவி கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். மந்திரம் ஒன்றும் இல்லை. ஒன்று மலையின் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். நடுவில் சந்தித்தபோது உச்சிக்குப் பக்கம் வந்துவிட்டார்கள். கேனைக் கொட்டாமல் தப்பித்தார்கள்.

நீர்த்த இரண்டு சேர்ந்து கெட்டியாவது இங்கே மட்டும் நடப்பதல்ல. தண்ணீரும் எரிசாராயமும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். 20 டிகிரியில் தண்ணீர் 1, எரிசாராயம் 1.2. இரண்டையும் பாதிக்குப் பாதி அளவில் கலந்தால் 3-க்குப் பக்கம் வந்துவிடும். இதைக் கல்லூரிக் கூடத்தில் ஆசிரியர் பார்வையில் செய்யட்டும். வீட்டில் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

எஸ்.எல்.இ.எஸ். கூழும் அப்படித்தான் வேடிக்கை காட்டும். கடையில் வாங்குகிற கூழ் பெரும்பாலும் நூற்றுக்கு 70 பங்கு சரக்கு. அதில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் இளகுவதற்குப் பதிலாக இறுகிக் கட்டி கட்டியாகும், பார்த்திருப்பீர்கள். "சரக்கு மட்டம்" என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். தண்ணீர் சேரும்போது நடுவில் அப்படி ஒரு இறுகிய நிலையைக் கடந்துதான் அது இளகும். முழுத் தண்ணீரையும் முதலில் தொட்டியில் வைத்துக்கொண்டு, அதில் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை வராமல் மெதுவாகக் கிண்டினால் கட்டி விழுவது குறையும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுவின் சரக்குக்கு உப்பின் உச்சி எங்கே என்று கண்டுபிடிப்பது ஒரு மத்தியான வேலைதான். உப்புப் போடாத சோப்பு ஆயில் 1 லிட்டர் எடுங்கள். முதலில் பாட்டிலில் விட்டு விநாடி எழுதுங்கள். பிறகு 5 கிராம் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, நுரை அடங்கியதும் அளந்து எழுதுங்கள். அடுத்த 5 கிராம், அடுத்த 5 கிராம். விநாடி ஏறிக்கொண்டே போகும், ஒரு இடத்தில் நிற்கும், அப்புறம் இறங்கும். இறங்க ஆரம்பித்தால் உச்சி போய்விட்டது என்று அர்த்தம். உச்சிக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்வது நல்லது. உச்சியிலேயே நின்றால் கை தவறிக் கொஞ்சம் கூடினாலும் அந்தப் பக்கம் விழுந்துவிடும். மூலப்பொருள் கம்பெனி மாறினால், வாசனைத் தைலம் மாறினால் உச்சியும் மாறும், திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டியதுதான். ஆசிட் ஸ்லரி வைத்துச் செய்கிற குழுக்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, தங்கள் சரக்குக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

என் அபிப்பிராயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்று நம்புவதை நாமாவது விட வேண்டும். உப்பு கெட்டியைக் கூட்டும், ஆனால் பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது உப்பு அல்ல. சரக்கைக் குறைத்து உப்பைக் கூட்டிக் கெட்டியாக விற்கவும் முடியும். தேன் வாங்கும்போதும் இதே பேச்சுத்தான். தேனில் ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புச் சட்ட விதி இருக்கிறது. தண்ணீர் கலந்த தேன் இளகிவிடும், அதை நம் பாட்டிலே காட்டிக்கொடுக்கும். ஆனால் கெட்டியான சர்க்கரைப் பாகைக் கலந்தால் ஓட்டம் மாறவே மாறாது. பாலில் தண்ணீர் ஊற்றி மாவுக் கஞ்சி சேர்த்தாலும் அப்படித்தான். விநாடிக் கணக்கு கெட்டியைச் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. சுத்தம் பார்க்க வேறு பரிசோதனை வேண்டும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று உங்கள் பிள்ளை கேட்டால் இந்த உப்புச் சோதனையையே செய்யச் சொல்லலாம். படுக்கை வாட்டத்தில் உப்பு கிராம், நெட்டு வாட்டத்தில் விநாடி என்று கோடு போட்டு வரைந்தால் மலை அப்படியே தெரியும். கிளிசரின் சோதனைக்கு வரைந்தால் மலை வராது, செங்குத்தான சரிவு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பார்க்கிற ஆசிரியரும் நின்று கேட்பார். நோட்டில் தேதி, வெப்பநிலை, எத்தனை தடவை அளந்தது, மூன்று எண்ணும் தனித்தனியே, எல்லாம் இருக்க வேண்டும். சரியாக வராத எண்ணை அழித்துவிட்டு அழகாக எழுதச் சொல்லாதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதட்டும்.

குழுவுக்கும் அதே போல ஒரு பதிவேடு போடுங்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தேதி, உப்பு எவ்வளவு, எத்தனை விநாடி என்று மூன்று கட்டம் போதும். ஓட்டல்காரர் ஒப்புக்கொண்ட கேனின் விநாடியை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அந்த விநாடிக்குப் பக்கத்தில் வராத கேன் வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஓட்டை போட்ட மூடியை மட்டும் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்து புது மூடியில் ஓட்டை போட்டால் பழைய விநாடிகள் எதுவும் செல்லாது, நல்ல கேன் ஒன்றைத் திரும்ப அளந்து முதலிலிருந்து எழுத வேண்டும்.